எண்ணெய் எடுக்கத் தெரிய வேண்டாம், காக்கத் தெரிந்தால் வேலை இருக்கிறது

ஏ.எல். முடித்த கையோடு 'ஒயில் அன்ட் காஸ் பக்கம் போகப் போறேன்' என்று சொல்லும் பிள்ளைகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கொஞ்சம் கிளறிக் கேட்டால், மனத்தில் இருப்பது நடுக்கடல் ரிக்கும் ஹெலிகொப்டரும் டொலர்ச் சம்பளமும்தான். இலங்கையில் அந்த ரிக் இல்லை. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார்ப் படுகையில் இரண்டு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. 2015இல் மூட்டை கட்டிக்கொண்டு போனது. இன்றுவரை மன்னார்க் காஸ் எந்த அடுப்பையும் எரிக்கவில்லை. அதை நம்பி ஒரு பட்டப்படிப்பைத் தெரிவு செய்வது புத்தி இல்லை.

ஆனால் எண்ணெய் எடுக்காத நாடும் எண்ணெயை வாங்கி, இறக்கி, வைத்து, அளந்து, கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதில் 'வைத்து, அளந்து' என்ற இரண்டு சொல்லுக்குள் ஒரு முழுத் தொழில் இருக்கிறது. அந்தத் தொழிலின் கீழ்ப்படி கொள்ளுப்பிட்டியில், காலி வீதிப் பெற்றோல் ஷெட்டின் கொங்கிரீட் தரைக்கு அடியில் கிடக்கிறது. மேல்படி சிங்கப்பூரில் கடலுக்கு அடியில் 130 மீற்றர் ஆழப் பாறையில் இருக்கிறது. இரண்டுக்கும் தேவையான அடிப்படைத் திறமை ஒன்றுதான்: கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போகிறது என்று கணக்குக் காட்டத் தெரிவது. இதைப் பிடித்துக்கொண்டவருக்கு ஏணி நீளமானது.

2022 எரிபொருள் வரிசைகளை நினைத்து 'தாங்கி இல்லாததால்தானே அந்தப் பாடு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்போது இல்லாமல் போனது டொலர். தாங்கிகள் ஏராளமாக இருந்தன, நிரப்பத்தான் காசு இல்லை. நேர்முகத் தேர்வில் இதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு நல்ல மதிப்புக் கிடைக்கும்.

தரைக்கு அடியில் தொடங்கும் பாடம்

பெற்றோல் ஷெட்டில் வேலை என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். பம்ப் பிடிக்கிற வேலையை மட்டும் பார்த்தால் சுளிப்பது சரி. ஆனால் ஷெட்டின் ஸ்டொக் கணக்கைப் பார்க்கும் வேலை வேறு. அதை ஆறு மாதம் ஒழுங்காகச் செய்த பிள்ளைக்கு, நான்கு வருடம் கம்பஸில் இருந்தவருக்குக் கிடைக்காத ஒரு பழக்கம் வரும்.

விடிகாலையில் பவுசர் வந்து நிற்கிறது. ஒரு பெட்டியில் 6,600 லீற்றர். இலங்கையில் பெரும்பாலும் இந்த அளவின் மடங்குகளில்தான் ஓடர் போகும். முகாமையாளர் பொடியனைக் கேட்கிறார்:

"தம்பி, தாங்கி எவ்வளவு பிடிக்கும்?"

"பாதுகாப்பு மட்டம் 11,000 சேர். இப்ப டிப் பார்த்தன், 4,900 இருக்கு."

"அப்ப இறக்கலாமோ?"

பொடியன் வாய்க்குள் கழிக்கிறான். "ஏலாது சேர். 6,100க்குத்தான் இடம் இருக்கு."

"சரி, ரெண்டு மணித்தியாலம் வித்துப்போட்டு இறக்குவம். டிரைவருக்குத் தேத்தண்ணி குடு."

இதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அந்தக் கழித்தலைச் செய்யாமல் குழாயை மாட்டியிருந்தால் 500 லீற்றர் பெற்றோல் பாதுகாப்பு மட்டத்தைத் தாண்டியிருக்கும், காலி வீதியில் வழிந்து ஓடியும் இருக்கலாம். பெற்றோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து கான் வழியே பக்கத்துக் கடைக்குப் போகும்.

டிப் எடுப்பதிலும் நுணுக்கம் உண்டு. கோலை மெதுவாக இறக்கி அடியைத் தொட்டவுடன் எடுக்க வேண்டும். தொப்பென்று போட்டால் அலை எழும்பி ஈரக் கோடு பொய் சொல்லும். கோலின் நுனியில் பூசுகிற பசை தண்ணீர் பட்ட இடத்தில் நிறம் மாறும். அடியில் எத்தனை சென்டிமீற்றர் தண்ணீர் என்று அதில் தெரியும். பிறகு அந்தத் தாங்கிக்கென்றே உள்ள அட்டவணையில் சென்டிமீற்றரை லீற்றராக மாற்ற வேண்டும். தாங்கி படுத்த உருளை. ஆகவே நடுவில் ஒரு சென்டிமீற்றருக்குள் அடங்கும் லீற்றரும் அடியில் ஒரு சென்டிமீற்றருக்குள் அடங்கும் லீற்றரும் ஒன்றல்ல. ஏன் என்று கேத்திரகணிதத்தால் விளக்கத் தெரிந்த பிள்ளையை நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன்.

அந்த இரண்டு கேள்வியில் ஒன்று வெப்பம். பெற்றோல் ஒரு பாகை சூடானால் கனவளவு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும். மத்தியான வெயிலில் நின்ற பவுசரிலிருந்து தரையடித் தாங்கிக்கு இறங்கும்போது ஐந்து பாகை குறைந்தால், 6,600 லீற்றரில் 33 லீற்றர் 'காணாமல்' போகும். யாரும் எடுக்கவில்லை, பௌதிகவியல் எடுத்தது. இதனால்தான் பெரிய முனையங்களில் எல்லாக் கணக்கையும் 15 பாகை செல்சியஸுக்கு மாற்றி எழுதுகிறார்கள். இது தெரியாமல் டிரைவரோடு சண்டை பிடித்த ஷெட்காரர் எத்தனை பேர்!

மற்றக் கேள்வி கசிவு. ஒரு நாள் 30 லீற்றர் குறைந்து மறுநாள் சரியாகி வந்தால் அது வெப்பம், அல்லது பம்ப் மீற்றரின் பிழை. விற்றாலும் விற்காவிட்டாலும் ஒவ்வொரு நாளும் ஒரே திசையில் குறைந்துகொண்டே போனால் தாங்கியோ குழாயோ ஓட்டை. விற்பனை இல்லாத இரவில் எடுத்த டிப்பும் காலையில் எடுத்த டிப்பும்தான் இதைக் காட்டிக் கொடுக்கும். கடற்கரையோரக் கொழும்பில் நிலத்தடி நீர் உப்புச் சாயலோடு மேலேயே நிற்கும். வெறும் உருக்குத் தாங்கியை அது அரிக்கும். ஆகவேதான் இரட்டைச் சுவர்த் தாங்கி, அரிப்பைத் தடுக்கும் மின் பாதுகாப்பு, தானாக மட்டம் அளக்கும் கருவி எல்லாம். இந்த மூன்றையும் பொருத்தி, பழுது பார்த்து, அளவு சரிபார்க்கத் தெரிந்த தொழினுட்பவியலாளருக்குத் தேவை கூடிக்கொண்டு வருகிறது. 2023இலிருந்து சினோபெக் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் சில்லறை விற்பனைக்கு வந்தபின் ஷெட்டுகளைப் புதுப்பிக்கும் வேலையும் சேர்ந்திருக்கிறது.

கசிந்தால் என்ன நடக்கும் என்று தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில், அங்கே மின்நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் மேலே ஊற்றியது கீழே போக அதிக நேரம் எடுக்காது. நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் குழாய்க் கிணறு போடுவது, மாதிரி எடுப்பது, ஆய்வுகூட முடிவை வாசிப்பது இவையும் சேமிப்புத் தொழிலின் பகுதிதான். விஞ்ஞானப் பிரிவில் உயிரியல் படித்துவிட்டு 'எனக்கு இதில இடமில்லை' என்று நினைக்கும் பிள்ளைகள் இந்த வழியைக் கவனிக்கலாம்.

கொலன்னாவை, முத்துராஜவெல, சீனக்குடா

அடுத்த படி டெப்போ. நாட்டின் பெரிய எரிபொருள் முனையங்களான கொலன்னாவையையும் முத்துராஜவெலவையும் நடத்துவது இலங்கைப் பெற்றோலியக் களஞ்சிய முனையங்கள் நிறுவனம். அதில் மூன்றில் இரண்டு பங்கு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் ஒரு பங்கு லங்கா ஐ.ஓ.சி.க்கும் சொந்தம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கூட்டுத்தாபனம், 1969இலிருந்து ஓடும் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம், இந்த முனையங்கள்: இந்த மூன்றும்தான் உள்ளூரில் பெரிய வேலைகொள்வோர். அரச நிறுவனங்கள் என்பதால் ஆட்சேர்ப்பு அடிக்கடி வராது. வரும்போது பத்திரிகை விளம்பரமாக வரும். அதற்காகக் காத்திருப்பதைத் தொழிலாக்கிவிடாதீர்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கதவு இருக்கிறது: சரக்கு அளவையாளர் வேலை. கப்பல் வந்தால் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. நடுவில் நின்று கப்பலின் தாங்கிகளிலும் கரைத் தாங்கிகளிலும் மட்டம், வெப்பம், அடர்த்தி எடுத்துக் கையொப்பம் வைக்க ஒரு மூன்றாவது ஆள் தேவை. எஸ்.ஜி.எஸ்., இன்ரர்ரெக் போன்ற உலகளாவிய பரிசோதனை நிறுவனங்களுக்கு இலங்கையிலும் கிளைகள் உண்டு. வேலை நேரம் கப்பலின் நேரம். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஏணி ஏற வேண்டியிருக்கும், மழையென்றும் பாராமல். ஆனால் இரண்டு வருட அனுபவத்தோடு பஹ்ரைனுக்கோ புஜைராவுக்கோ விண்ணப்பித்தால் உங்கள் பைலை ஒதுக்க மாட்டார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குத் துறைமுகம் நடந்து போகும் தூரம்தானே.

துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக்கு எண்ணெய் போகும் பழைய குழாய்ப் பாதை வீடுகளுக்கு அடியாலும் பக்கத்தாலும் போகிறது. குழாயின் சுவர்த் தடிப்பை மீயொலிக் கருவியால் அளப்பவர், பற்றுவைப்பைப் பரிசோதிப்பவர் எல்லாருக்கும் அங்கே வேலை. நிலத்துக்கு மேல் நிற்கும் தாங்கிகளைப் பரிசோதிப்பதற்கென்று ஏ.பி.ஐ. 653 என்ற உலகத் தரச் சான்றிதழ் இருக்கிறது. அனுபவம் சேர்த்துக்கொண்டு எழுத வேண்டிய பரீட்சை அது. சான்றிதழை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு அனுபவம் தேடுபவர்கள் காசைக் கரைக்கிறார்கள்.

திருகோணமலையை விட்டுவிட்டு இலங்கைச் சேமிப்பைப் பேச முடியாது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய தாங்கிகள் 99 மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் பிடிக்கும். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று அழிந்தது. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடம். அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம். 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. கையொப்பத்துக்கும் கொங்கிரீட்டுக்கும் நடுவில் எத்தனை வருடம் போகும் என்பது நமக்குப் பழக்கமான கதை. ஆனால் வேலை தொடங்கினால் காடு வெட்டுவதிலிருந்து தாங்கியின் அடித்தகட்டைப் பரிசோதிப்பது வரை ஆள் வேண்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசும் தொழினுட்பவியலாளருக்கு அங்கே முன்னிடம் கிடைக்க நியாயம் இருக்கிறது. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்து 'திருகோணமலைக்குப் போக மாட்டன்' என்று சொல்பவர்களுக்கு இந்தத் தொழில் வேண்டாம். முனையங்கள் ஊருக்கு வெளியேதான் இருக்கும்.

பாறைக்குள் எண்ணெய்

மேலே நிற்கும் தாங்கி எப்படி எரியும் என்று கொழும்புக்குத் தெரியும். 1995 ஒக்டோபர்த் தாக்குதலில் கொலன்னாவையில் எழுந்த புகையை நகரமே பார்த்தது. பெரிய கையிருப்பை நிலத்துக்கு அடியில் கொண்டுபோவதற்கு யுத்தம் ஒரு காரணம். இன்னொன்று இடம், மற்றது செலவு: ஓர் அளவுக்கு மேல் போனால் உருக்குத் தாங்கி வரிசையைவிடப் பாறைக் குகை மலிவு.

பக்கத்து இந்தியாவில் விசாகப்பட்டினத்தில் 13.3 இலட்சம் தொன், மங்களூரில் 15 இலட்சம் தொன், உடுப்பிக்குப் பக்கத்துப் பாதூரில் 25 இலட்சம் தொன் மசகு எண்ணெயைப் பாறையைக் குடைந்த குகைகளில் வைத்திருக்க வசதி செய்திருக்கிறார்கள். குகையின் சுவரில் உருக்குத் தகடு கிடையாது, வெறும் பாறைதான். பிறகு எண்ணெய் ஏன் வெடிப்பு வழியே ஓடிவிடுவதில்லை? நிலத்தடி நீர் விடுவதில்லை. குகைக்கு மேலே சிறு சுரங்கங்கள் அமைத்து, அவற்றிலிருந்து துளையிட்டு, பாறை வெடிப்புகளில் எப்போதும் தண்ணீரை நிரப்பி வைக்கிறார்கள். இதற்கு நீர்த்திரை என்று பெயர். வெளியிலுள்ள நீரின் அழுத்தம் உள்ளேயுள்ள எண்ணெயினதும் ஆவியினதும் அழுத்தத்தைவிடக் கூட இருக்கும்வரை தண்ணீர் உள்ளே கசியுமே தவிர எண்ணெய் வெளியே போகாது. உள்ளே கசிந்த தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் தேங்கும். அதைப் பம்ப் பண்ணிச் சுத்திகரித்து வெளியேற்றுவார்கள். தினமும் எவ்வளவு தண்ணீர் வெளியே வருகிறது என்பதுதான் குகையின் உடல்நிலை அறிக்கை.

சமையல் காஸுக்கு இன்னும் ஆழம் வேண்டும். சாதாரண வெப்பத்தில் புறொப்பேனைத் திரவமாக வைக்க 10 பார் அளவு அழுத்தம் தேவை. 10 மீற்றர் தண்ணீர் ஒரு பார். ஆக 100 மீற்றருக்கும் கீழே போனால்தான் நீர் அதை அடக்கும். விசாகப்பட்டினத்தில் 60,000 தொன் கொள்ளும் அப்படியான ஒரு குகை 2007இலிருந்து இயங்குகிறது. இந்தக் கணக்கை மனத்தில் போடத் தெரிந்தால் புத்தகத்தில் பாதியைப் படித்த மாதிரி.

இலங்கையில் இப்படிச் செய்யலாமா? தீவின் பத்தில் ஒன்பது பங்கு கடினமான பழைய பளிங்குருப் பாறை. பாறையைப் பொறுத்தவரை வழியிருக்கிறது. ஆனால் தண்ணீரை மதிக்காமல் பாறையைத் தொட்டால் என்ன வரும் என்பதை உமா ஓயா நீர்த்திட்டம் காட்டியது. சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் கொட்ட, மேலே பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, 2017இல் சனம் வீதிக்கு இறங்கியது. குகைச் சேமிப்பின் முதல் விதி நிலத்தடி நீர்மட்டம் இறங்கக்கூடாது என்பது. உமா ஓயாவின் ஆவணங்களை வாசித்த ஒரு புவியியல் பட்டதாரி, எந்த நாட்டுக் குகைத் திட்டத்துக்கும் பயனுள்ள ஆள்.

இயற்கை எரிவாயு வேறு கதை. அதைப் பெருமளவில் வைப்பது மூன்று இடங்களில்: எடுத்து முடிந்த பழைய எண்ணெய்-காஸ் படுகைகள், நீர் தாங்கிய ஆழ்பாறை, உப்புப் படிவத்தில் கரைத்து உண்டாக்கிய குகைகள். பழைய படுகை என்றால் வெற்றுக் குகை என்று நினைக்காதீர்கள். பாணின் துளைகளைப் போல மணற்கல்லுக்குள் இருக்கும் நுண்ணிய இடைவெளிகளில்தான் காஸ் தங்கும். 1915இல் கனடாவின் ஒன்ராறியோவில் இந்த முறை தொடங்கியது. கோடையில் நிரப்பி, குளிர்காலத்தில் எடுப்பார்கள். அழுத்தம் விழுந்துவிடாமல் தாங்குவதற்கென்று ஒரு பெரும் பகுதி காஸ் எப்போதும் உள்ளேயே கிடக்கும். அதை எடுத்து விற்க முடியாது. 2022இல் ரஷ்யக் காஸ் தடைப்பட்டபோது ஐரோப்பிய ஒன்றியம் நவம்பர் முதலாம் திகதிக்குள் 80 சதவீதம் நிரப்ப வேண்டும் என்று சட்டம் போட்டது. பிரித்தானியா 2017இல் மூடிய ரஃப் சேமிப்பகத்தைத் திரும்பத் திறந்தது. அப்போதுதான் இந்தத் தொழிலின் அருமை பலருக்கு உறைத்தது.

கலிபோர்னியாவின் அலிசோ கன்யன் சம்பவத்தை மட்டும் ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். 1953இல் எண்ணெய்க்குத் தோண்டிய ஒரு கிணறு, பிறகு காஸ் சேமிப்புக்கு மாற்றப்பட்டது. அதன் உருக்குக் குழாய் வெளிப்புறத்திலிருந்து நிலத்தடி நீரால் அரித்தது. 2015 ஒக்டோபரில் வெடித்துக் கசிந்தது. 2016 பெப்ரவரியில்தான் அடைத்தார்கள். வெளியேறிய மீதேன் ஏறக்குறைய ஒரு இலட்சம் தொன். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு மாறின. அதே வயலில் முன்பும் பல கிணறுகளில் குழாய் கசிந்திருக்கிறது, ஏன் என்று எவரும் ஆழமாகத் தோண்டிப் பார்க்கவில்லை என்று பின்னர் வந்த ஆய்வறிக்கை சொன்னது. காலி வீதி ஷெட்டில் தினமும் 20 லீற்றர் குறைவதை 'வெப்பமாத்தான் இருக்கும்' என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கமும் இதுவும் ஒரே குணம். அந்த விபத்துக்குப் பிறகு 2016 இறுதியில் அமெரிக்கா, ஏ.பி.ஐ. 1170, 1171 என்ற நிலத்தடிச் சேமிப்புத் தரங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கிணற்றின் உறுதியைச் சோதிப்பதே அங்கே தனித் தொழிலாகிவிட்டது.

என் தீர்ப்பு: நிலத்தடி இயற்கை எரிவாயுச் சேமிப்பு உங்கள் வேலைக்காலத்தில் இலங்கைக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. இங்கே அதற்கு உப்புப் படிவமும் இல்லை, தீர்ந்துபோன காஸ் வயலும் இல்லை. திரவ இயற்கை எரிவாயுவைக் குளிர்த்தாங்கியிலோ மிதக்கும் முனையத்திலோ வைப்பதுதான் இங்கே சாத்தியம். கெரவலப்பிட்டி மின்நிலையங்கள் அதை எதிர்பார்த்தே திட்டமிடப்பட்டன. குகை வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும்.

எங்கே படிப்பது, எப்படி நுழைவது

இணைந்த கணிதம் படித்து நல்ல இசட் புள்ளி எடுத்தவர்களுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் புவிவளப் பொறியியல் துறை நேர்வழி. பாறை, சுரங்கம், நிலத்தடி நீர், எண்ணெய் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். இரசாயன, செயன்முறைப் பொறியியலும் நல்லது. பேராதனையின் புவியியல் துறை விஞ்ஞான பீடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். அங்கே சிவில், இயந்திரவியல், மின்னியல் படித்தாலும் இந்தத் தொழிலுக்கு வரலாம். கணினி, சிவில் இரண்டைத் தவிர வேறொன்றும் தெரியாத வீடுகளில் புவிவளம் என்றால் 'அதென்ன, மண் கிண்டுறதோ?' என்பார்கள். ஆமாம், அதுதான். போட்டி குறைவாக இருப்பதும் அதனால்தான்.

கம்பஸ் கிடைக்காதவர்களுக்கு என் விருப்பமான வழி கருவியியல். அழுத்தமானி, மட்டமானி, பாய்ச்சல்மானி, வாயுக் கண்டுபிடிப்பான்: இவற்றைப் பொருத்தி, அளவு திருத்தும் தொழினுட்பவியலாளர் இல்லாமல் ஷெட்டும் ஓடாது, குகையும் ஓடாது. மவுண்ட் லவினியாவின் இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமும், 2016இல் கிளிநொச்சியில் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் நல்ல இடங்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் நான்காம் மட்டமாவது எடுங்கள். உலோகப் பற்றுவைப்பும் அதன் பரிசோதனையும் இன்னொரு வழி.

பாதுகாப்புப் பக்கம் போக நினைப்பவர்களைக் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தனியார் நிறுவனங்கள் நெபோஷ் என்ற பாதுகாப்புச் சான்றிதழ் விளம்பரத்தோடு இழுக்கும். சான்றிதழ் நல்லதுதான். ஆனால் தாங்கிக்குள் ஒருநாளும் எட்டிப் பார்க்காத பாதுகாப்பு அதிகாரியை ஒரு வேலையாளும் மதிக்க மாட்டார். முதலில் தளத்தில் ஒரு வருடம், பிறகு சான்றிதழ்.

இந்தியாவின் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களில் நிரந்தர வேலைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும். ஆகவே விசாகப்பட்டினத்தைப் படிக்கும் இடமாகப் பாருங்கள். கொள்ளுப்பிட்டி இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியே வரும் புலமைப்பரிசில்களில் பொறியியல், விஞ்ஞானப் பட்டப்படிப்புகள் உண்டு. வேலையில் இருப்பவர்களுக்கு இந்திய அரசின் ஐ.ரி.ஈ.சி. குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வரும் காலத்தில் நாளிதழை ஒழுங்காகப் பாருங்கள், கடைசி நாளில் ஓடாதீர்கள்.

வேலைக்குப் பார்க்க வேண்டிய நகரங்கள் இரண்டு. சிங்கப்பூரின் ஜூரோங் பாறைக் குகைகள் 2014இல் திறந்தன. கொள்ளளவு 14.7 இலட்சம் கனமீற்றர். தென்கிழக்காசியாவில் திரவ எரிபொருளுக்கென்று குடைந்த முதல் குகைகள் அவை. அமீரகத்தின் புஜைராவில் 4.2 கோடி பீப்பாய் மசகு எண்ணெய்க்கு மூன்று குகைகள் குடையும் ஒப்பந்தம் 2019இல் கொடுக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் இயக்குநர், கருவித் தொழினுட்பவியலாளர், நீர்க் கண்காணிப்பாளர் வேலைகளுக்கு முனைய அனுபவம் கேட்பார்கள். முத்துராஜவெலவில் எடுத்த மூன்று வருட அனுபவம் அங்கே பேசும்.

நேர்முகத் தேர்வு

சுயவிவரத்தில் 'எண்ணெய், எரிவாயுத் துறையில் மிகுந்த ஆர்வம்' என்று எழுதுவதை நிறுத்துங்கள். 'நான்கு நிலத்தடித் தாங்கிகளின் தினசரி ஸ்டொக்கைச் சமப்படுத்தினேன். ஒரே திசையில் போன இழப்பைக் கண்டு முகாமையாளருக்கு அறிவித்தேன். பம்ப் மீற்றர் பிழை என்று உறுதியானது' என்று எழுதியிருந்தால், அந்த மூன்று வரிக்காகவே கூப்பிடுவார்கள். செய்யாததை எழுதாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடும்.

கேட்கக்கூடிய கேள்விகள்: 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்தபோது புறொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் ஏன் பேசப்பட்டது? (புறொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்.) வாசனை இல்லாத காஸில் ஏன் மேர்கப்ரான் சேர்க்கிறார்கள்? தாங்கிக்குள் ஆளை இறக்க முன் என்ன பார்ப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு 'ஹெல்மெட்' என்று தொடங்கினால் வீட்டுக்குப் போகலாம். ஒட்சிசன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல், எரியும் வாயு கீழ் எரிமட்டத்தின் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல், நச்சு வாயு இல்லாமல் இருப்பதை அளந்து, அனுமதிப் பத்திரம் எழுதி, வெளியே ஒரு காவலாளை நிறுத்தி, மீட்பு ஏற்பாடு தயார் என்ற பிறகுதான் ஆள் இறங்கலாம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் நீங்கள் இறங்குவீர்களா என்றும் கேட்பார்கள். இறங்க மாட்டேன், அலாரம் அடித்து மூச்சுக்கருவியோடு மீட்புக் குழுவைக் கூப்பிடுவேன் என்பதே விடை. கூட்டாளியைக் காப்பாற்றப் பாய்ந்த இரண்டாமவரும் மூன்றாமவரும் சாகும் விபத்துகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன.

பெண் பிள்ளைகளை இந்தப் பக்கம் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஒன்று: ஆய்வுகூடம், கட்டுப்பாட்டறை, நீர்க் கண்காணிப்பு, சரக்கு ஆவணம், பாதுகாப்பு ஆகிய ஐந்துக்கும் தேவை கவனமும் கணக்கும். இரவு வேலை உண்டு. போக்குவரத்துக்கு யார் பொறுப்பு என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். கேட்டதற்காக வேலை கொடுக்காத இடம் உங்களுக்கு வேண்டாம்.

பொலிஸ் நற்சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். முனையங்களில் பாதுகாப்பு அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். அதற்கு எடுக்கும் வாரங்கள் வேலையையே கைநழுவ வைத்துவிடும்.

கடைசியாக, வளைகுடாவில் 'ஒயில் ரேங்க் ஒப்பரேட்டர்' வேலை என்று கைபேசிக்கு வரும் செய்திகளைப் பற்றி. முன்பணம் கேட்கும் எவருக்கும் ஒரு சதமும் கொடுக்க முன், பத்தரமுல்லையிலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போய் அந்த முகவரின் அனுமதிப்பத்திரமும் அந்த வேலைக்கான அனுமதியும் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். விசிட் விசாவில் போய் வேலை மாற்றித் தருவோம் என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிட்டு வாருங்கள்.